இருநூற்றுப் பன்னிரண்டுக்கு இடமில்லை

எங்கள் கட்டட அனுமதி அலுவலகத்தின் காத்திருப்புக் கூடத்தில் அறுபத்து நான்கு நாற்காலிகளும் ஒரு தண்ணீர்க் குழாயும் சுவரில் ஒரு பெரிய டிவியும் உள்ளன. டிவிக்குப் பின்னால் சோப்புப் பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி ஒட்டியிருக்கும். அதுதான் வீடியோ பிளேயர். அலுவலக நெட்வொர்க்கில் இணைந்து, தன் வயிற்றுக்குள் இருக்கும் வீடியோக்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டும். திரையின் வலது மேல் மூலையில், அடுத்து வரவேண்டியவரின் டோக்கன் எண்ணையும் காட்டும். இந்தப் பெட்டிக்கு நான்தான் பொறுப்பு. முன்பொரு நாள் தலைமை அலுவலரின் போனில் சார்ஜ் ஏறவில்லை என்று அலுவலகமே கவலையில் ஆழ்ந்திருந்தபோது, சுவிட்ச் போடவில்லை என்பதை நான்தான் கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து நான் தொழில்நுட்பம் அறிந்தவனாக அறிவிக்கப்பட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எங்களுடையது 'ஓசையற்ற அலுவலகம்' என்று சான்றிதழ் பெற்ற இடம். இப்போது எல்லா அலுவலகங்களும் ஏதாவது ஒன்று அற்றதாக இருக்க வேண்டும் என்பது வழக்கமாகிவிட்டது. பக்கத்துத் தெரு அலுவலகம் காகிதமற்றது. அதற்கு எதிரில் இருப்பது கதவுகளற்றது. நாங்கள் யோசித்து ஓசையைக் கைவிட்டோம். எனவே இங்கே யாரும் யாரையும் வாயால் கூப்பிடக் கூடாது. திரையில் எண் வரும், எண்ணுக்கு உரியவர் எழுந்து மூன்றாம் கவுண்டருக்குப் போவார். எண் வராமலே யாராவது எழுந்தால், அவருக்குக் கால் மரத்துப்போயிருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம்.

ஒரு திங்கட்கிழமை காலை, திரையில் மஞ்சள் நிறத்தில் ஒரு கட்டம் தோன்றியது.

"புதிய பதிப்பு தயாராக உள்ளது. நிறுவுவதற்குத் தேவையான காலி இடம்: 2 ஜிபி. தற்போதைய காலி இடம்: 61 எம்பி. தேவையற்ற கோப்புகளை நீக்கவும்."

செய்தி பணிவாகத்தான் இருந்தது. ஆனால் அது வந்து உட்கார்ந்த இடம் டோக்கன் எண்ணின் தலைமேல். நான் முக்காலியில் ஏறி 'பிறகு' என்ற பொத்தானை அழுத்தினேன். கட்டம் மறைந்தது. நான் இறங்குவதற்குள் திரும்ப வந்தது. கடைசியாக மக்கள் கண்ட எண் நூற்று எண்பத்தேழு. அதற்குப் பிறகு மூன்றாம் கவுண்டர் மேடம் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார். யாரும் வரவில்லை. வராதவர்களுக்காகக் காத்திருப்பதும் பணிதான் என்பதால் அவர் காத்திருந்தார்.

மூன்றாம் வரிசை ஓரத்தில் இருந்த தையல்காரம்மா என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். ஓசை இல்லாமல்தான்.

"தம்பி, என் நம்பர் எரநூத்திப் பன்னெண்டு. இன்னிக்கு வந்துடுமா?"

"புதிய பதிப்பு வருதும்மா. அது வந்ததும் உங்க நம்பர் வரும்."

"மழைக்கு முன்னாடி வந்துடுமாப்பா?"

அவருடைய சங்கதி எங்கள் எல்லோருக்கும் தெரியும். கூரைத் தகடுகள் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டதால், மாற்றலாம் என்று பழையதைக் கழற்றினார். கழற்றி முடித்த நேரம் பார்த்து எங்கள் கள ஆய்வாளர் அந்தப் பக்கம் போனார். கூரையைக் கழற்றுவதற்கு அனுமதி தேவையில்லை, கழற்றலாம். ஆனால் மாட்டுவது கட்டுமானம், அதற்கு அனுமதி வேண்டும் என்று ஒரு நோட்டீஸ் ஒட்டிவிட்டு வந்தார். ஆக, அந்த வீட்டில் இரண்டு தையல் மெஷின்களும் ஊர்க்காரர்கள் தைக்கக் கொடுத்த துணி மூட்டைகளும் ஒரு தார்ப்பாய்க்கு அடியில் குடியிருந்தன. தேவையான தாளில் கையெழுத்து விழுந்து மேடத்தின் மேஜையில் தயாராக இருந்தது. எண் வந்தால் வாங்கிக்கொண்டு போகவேண்டியதுதான் பாக்கி.

நான் பெட்டியின் வயிற்றைத் திறந்து பார்த்தேன். தலைமை அலுவலரின் வரவேற்புரை பதினோரு பிரதிகள் இருந்தன. 'இறுதி', 'இறுதி புதியது', 'இதுவே இறுதி', 'மீசையுடன்', 'மீசை இல்லாமல்' என்று பெயர்கள். டிரோனை வைத்து அலுவலகத்தை மேலிருந்து எடுத்த படம் ஒன்று. அதில் இருபது நிமிடம் எங்கள் தண்ணீர்த் தொட்டி தெரியும். இந்த வீடியோ பிளேயரையே திறந்துவைத்த விழா ஒன்றரை மணி நேரம். 'சுருக்கமாகப் பேசுவோம்' என்ற விழிப்புணர்வுப் படம் இரண்டேகால் மணி நேரம்.

தலைமை அலுவலரிடம் போனேன்.

"சார், இடம் நிறைஞ்சிருச்சு. கொஞ்சம் வீடியோவை அழிக்கணும்."

அவர் முகம் வெளிறியது. "அழிக்கிறதா? என்னய்யா வார்த்தை இது?"

"உங்க வரவேற்புரையே பதினோரு தடவை இருக்கு சார். ஒண்ணு போதாதா?"

"பதினொண்ணுலயும் வேற வேற உணர்ச்சி இருக்கு. நீ சரியாப் பாக்கலை."

ஆவணக் காப்பாளரை அழைத்தார். அவர் எங்கள் அலுவலகத்தின் சட்டப் புத்தகம். எழுந்து நடப்பது மட்டும்தான் வித்தியாசம். கண்ணை மூடிக்கொண்டு விதியைச் சொன்னார்.

"எந்தப் பதிவையும் நகல் எடுத்து வைக்காம அழிக்கக் கூடாது. நகல், அலுவலகத்தோட சேமிப்புக் கருவியிலதான் இருக்கணும்."

"நம்ம சேமிப்புக் கருவி எது சார்?" என்றேன்.

"இருப்புப் பதிவேட்டுல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அந்த வீடியோ பிளேயர்."

"அதாவது, பிளேயர்ல இடம் பண்றதுக்காக, பிளேயர்ல இருக்கிறதை பிளேயர்லயே நகல் எடுக்கணும்?"

"சரியாப் புரிஞ்சுக்கிட்டீங்க. உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா ஆபீஸ் எங்கயோ போயிடும்."

பாராட்டுக்குப் பிறகு மறுத்துப் பேசுவது எப்படி? உள்ளதில் சிறியது, கைகழுவும் முறை பற்றிய நாற்பது எம்பி படம். அதை நகல் எடுத்தேன். காலி இடம் இருபத்தோரு எம்பி ஆனது. மூலத்தை அழிக்க இரண்டாவது கையெழுத்து வேண்டும், அந்தக் கையெழுத்து புதன்கிழமை வரை விடுப்பில் இருந்தது. புதன்கிழமை வந்தது, கையெழுத்தும் வந்தது, மூலம் முறைப்படி அழிக்கப்பட்டது. காலி இடம் அறுபத்தோரு எம்பி. மூன்று நாள் உழைப்பில் புறப்பட்ட இடத்துக்கே பத்திரமாக வந்து சேர்ந்தோம் என்று தலைமை அலுவலருக்கு அறிக்கை அனுப்பினேன். "தொடரவும்" என்று எழுதி அனுப்பினார்.

தையல்காரம்மா தினமும் வந்தார். முதல் ஆளாக வந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்து, மஞ்சள் கட்டத்தைக் கண் கொட்டாமல் பார்ப்பார். புதன் மதியம் வானம் கறுத்தபோது அவர் வாசலுக்கும் நாற்காலிக்கும் ஐந்து முறை நடந்தார். எனக்குப் பாவமாக இருந்தது. ஆவணக் காப்பாளரிடம் சண்டை பிடித்தேன், ஓசையில்லாமல். அதன் பலனாக 'இட உருவாக்கக் குழு' அமைக்கப்பட்டது.

குழு வியாழக்கிழமை கூடியது. ஒவ்வொரு வீடியோவாகப் பரிசீலித்தார்கள். தலைமை அலுவலர் இருக்கும் வீடியோக்களைத் தொடக்கூடாது என்பது பேசாமலே முடிவானது. ஆவணக் காப்பாளர் 'சுருக்கமாகப் பேசுவோம்' படத்தில் இரண்டாவது மணி நேரத்தில் வருகிறாராம். டிரோன் படம் எடுத்தவர் தலைமை அலுவலரின் மச்சான். மூன்றாம் கவுண்டர் மேடத்தின் வலது தோள் திறப்பு விழாவில் தெரிகிறது.

"அப்ப 'மக்கள் மனம்' வீடியோவை எடுத்துடலாமே," என்றேன்.

அது, காத்திருக்கும் மக்கள் ஆளுக்கு இரண்டு வார்த்தை எங்களைப் பாராட்டும் படம். நாற்பது நிமிடம் ஓடும், மூன்று ஜிபி. எங்கள் ஆட்களில் யாருடைய முகமும் அதில் இல்லை. அதனால் எல்லோரும் ஒரே குரலில் சரி என்றார்கள். ஆனால் மக்கள் சம்பந்தப்பட்டது என்பதால் மக்களைக் கேட்க வேண்டும் என்றார் ஆவணக் காப்பாளர். கூடத்தில் அறிவிப்பு ஒட்டினோம்.

ஒரு மணி நேரத்தில் ஐம்பத்தெட்டு ஆட்சேபங்கள் வந்தன. ஓசையற்ற கூடத்தில் முதல்முறையாக முணுமுணுப்பு கேட்டது. ஒரு கொத்தனார் என் சட்டையைப் பிடிக்காத குறை. "ஒன்பதாவது நிமிஷத்துல நான் வர்றேன் சார். பொண்ணு வீட்டுக்காரங்களை எல்லாம் கூட்டிட்டு வந்து காட்டியிருக்கேன். இப்ப அழிச்சா என் மானம் என்ன ஆகுறது?"

ஆட்சேபங்களைப் புரட்டினேன். ஐம்பத்தாறாவதில் தையல்காரம்மாவின் கையெழுத்து இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அம்மா, அதை அழிச்சாத்தான் இடம் வரும். இடம் வந்தாத்தான் நம்பர் வரும். நம்பர் வந்தாத்தான் உங்க கூரை!"

"தெரியுது தம்பி." அவர் புடவைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டார். "பதினேழாவது நிமிஷத்துல 'நாற்காலி எல்லாம் வசதியா இருக்கு'ன்னு சொல்லுவேன். அறுபது வயசுல மொத மொதலா டிவியில வந்திருக்கேன். அதை மட்டும் விட்டுட்டு வேற எதையாவது எடுங்களேன்."

இதையேதான் எல்லோரும் சொன்னார்கள். எனவே குழு, யாருடைய முகமும் இல்லாத கோப்பு எது என்று தேடியது. தேடியதில் ஒன்றே ஒன்று கிடைத்தது. அதில் முகம் இல்லை, குரல் இல்லை, பின்னணி இசை இல்லை. அது யாருக்கும் உறவுமில்லை. அதன் பெயர் 'வரிசை எண் காட்டும் செயலி'. பழைய எண்களையெல்லாம் சேர்த்துவைத்ததில் இரண்டேகால் ஜிபிக்கு வளர்ந்திருந்தது.

"சார், அதுதான் டோக்கன் நம்பரைக் காட்டுறது!" என்றேன்.

"இப்ப அந்த நம்பர் யாருக்காவது தெரியுதா?" என்றார் தலைமை அலுவலர்.

"தெரியலை சார், மஞ்சள் கட்டம் மறைக்குது."

"தெரியாத ஒண்ணை அழிச்சா யாருக்குத் தெரியப்போகுது? புதிய பதிப்பு வரணுமா வேண்டாமா?"

வரவேண்டும் என்பதில் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. 'பயன்பாட்டில் இருந்தும் பார்வையில் இல்லாத காரணத்தால் மேற்படி செயலி நிரந்தர ஓய்வுக்கு அனுப்பப்படுகிறது' என்ற உத்தரவு தயாரானது. நகல் எடுக்கும் விதி வீடியோக்களுக்கு மட்டுமே பொருந்தும் என்று ஆவணக் காப்பாளர் அன்றைக்கு நினைவுபடுத்திக்கொண்டார். வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குப் புதிய பதிப்பு நூறு சதவீதம் நிறுவப்பட்டது. மஞ்சள் கட்டம் மறைந்தது. கூடம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது, ஓசை வராதபடி இரண்டு விரல்களால்.

புதிய பதிப்பில் திரையின் மூலைகள் வளைவாகிவிட்டன. எழுத்துகள் ஒல்லியாகிவிட்டன. டோக்கன் எண் இருந்த இடத்தில் வானிலை அறிக்கை வந்தது. 'ஞாயிறு முதல் கனமழை' என்று ஒரு மேகம் அழகாக அசைந்துகொண்டிருந்தது.

தையல்காரம்மா அந்த மேகத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

ஐந்து நாளாக ஒரு பெட்டியின் வயிற்றைச் சுத்தம் செய்து, கடைசியில் இந்த அம்மாவின் எண்ணைத்தான் வழித்து வெளியே போட்டிருக்கிறோம். என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. கூடத்தின் நடுவில் போய் நின்று, வாயைத் திறந்து, கத்திவிட்டேன்.

"நூத்தி எண்பத்தெட்டு!"

அறுபத்து நான்கு நாற்காலிகளும் திடுக்கிட்டன. ஒருவர் தயங்கித் தயங்கி எழுந்தார். மேடம் அவருடைய தாளை எடுத்துக் கொடுத்தார். அவர் வாங்கிக்கொண்டு வெளியே போனார். இவ்வளவுதானா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நூற்று எண்பத்தொன்பது என்றேன். நூற்றுத் தொண்ணூறு என்றேன். ஒரு மணி நேரத்தில் கூடம் பாதி காலி. மேடம் முகத்தில் பல மாதங்களுக்குப் பிறகு ரத்த ஓட்டம் தெரிந்தது. "இன்னும் சத்தமாக் கூப்பிடுங்க சார், நல்லா இருக்கு!" என்றார். நான் இருநூற்று ஒன்பது என்றபோது தையல்காரம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார்.

அப்போது தலைமை அலுவலர் உள்ளே வந்தார். காலி நாற்காலிகளைப் பார்த்தார். திரையில் அவரே 'மீசையுடன்' பேசிக்கொண்டிருந்தார், முன்வரிசையில் கேட்க ஆளில்லை.

"என்னய்யா இது? ஜனங்க எல்லாம் எங்க?"

"வேலை முடிஞ்சு போயிட்டாங்க சார்."

"போயிட்டா வீடியோவை யார் பார்க்கிறது? புது பதிப்பை யாருக்காகப் போட்டோம்?" அவர் திரையைக் காட்டினார். "அதுவும் வாயால கூப்பிட்டிருக்கே. சான்றிதழ் என்ன ஆகும்? நிறுத்து."

"சார், இன்னும் மூணே நம்பர். அந்த அம்மா..."

"நிறுத்துன்னு சொன்னேன்."

நிறுத்தினேன். ஒரு நிமிடம் யோசித்தார். அவர் கோபக்காரர்தான், ஆனால் நல்ல யோசனை எங்கிருந்து வந்தாலும் எடுத்துக்கொள்வார்.

"ஆனா குரல் நல்லா இருக்குய்யா உனக்கு. கணீர்னு இருக்கு. இதை வாயால சொன்னாத்தானே தப்பு? வீடியோவா எடுத்துப் போட்டா சேவை ஆயிடும்."

அன்று மதியமே அவருடைய மச்சான் கேமராவோடு வந்தார். எனக்கு நீல நிறத்தில் கோட்டு தைத்து வந்தது. முகத்தில் பவுடர் போட்டார்கள். ஒன்று முதல் ஐந்நூறு வரை ஒவ்வொரு எண்ணையும் சொல்லி, "வாருங்கள்" என்று கைநீட்டிச் சிரிக்க வேண்டும். என் சிரிப்பு முதலில் சரியாக அமையவில்லை. படப்பிடிப்பு வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் நடந்தது. அந்த மூன்று நாளும் கவுண்டருக்கு விடுமுறை, கூடத்தில் விளக்கு வைத்திருந்ததால். ஞாயிற்றுக்கிழமை நானூற்றுப் பத்தில் இருக்கும்போது வெளியே மழை பிடித்தது. "ஆடியோவில் மழைச் சத்தம் வருது, ஜன்னலைச் சாத்துங்க," என்றார் மச்சான். நான்தான் போய்ச் சாத்தினேன்.

படம் மொத்தம் நாற்பத்தோரு நிமிடம், இரண்டரை ஜிபி. பெட்டியில் அவ்வளவு இடம் இல்லை. எனக்கு அவசரம், திங்கட்கிழமை என் வீட்டார் படத்தைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். 'மக்கள் மனம்' வீடியோவைத் தேர்ந்தெடுத்து 'நீக்கு' என்பதை அழுத்தினேன். குழு இல்லை, கையெழுத்து இல்லை. நான்கு வினாடி ஆனது. நகல் எடுக்க மறந்துவிட்டேன்.

திங்கட்கிழமை முதல் என் வீடியோ ஓடுகிறது. யாருடைய முறை என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒன்றிலிருந்து ஐந்நூறு வரை போகும், மறுபடியும் ஒன்றுக்கு வரும். மேடத்துக்கு எழுத்து மூலம் உத்தரவு வந்தது. வீடியோவில் வரும் எண் செயலியில் வரும் எண் ஆகாது. செயலி திரும்பும்வரை தாள் எதையும் கொடுக்கக் கூடாது. செயலியைத் திரும்ப நிறுவ இரண்டேகால் ஜிபி இடம் தேவை. இடத்துக்காக என் வீடியோவை நீக்கலாமா என்று குழு என்னிடம் கருத்துக் கேட்டது. நான் ஆட்சேபம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நேர்மையாகச் சொல்கிறேன், எழுதும்போது எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. எழுதி முடித்ததும் போய்விட்டது.

திங்கள் மதியம் என் மனைவி, மாமியார், மைத்துனி எல்லோரும் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். நான் கோட்டோடு பின்னால் நின்றேன். தையல்காரம்மா உள்ளே வந்தார். தலைமுடி நனைந்து ஒட்டியிருந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் யாருடையதோ பாதி தைத்த சட்டை ஒன்று, சாயம் இறங்கிப்போயிருந்தது. எந்த நாற்காலிக்கும் போகாமல் நேராக என்னிடம் வந்தார்.

"மெஷின் ரெண்டும் தண்ணியில நிக்குது தம்பி. நீ வெள்ளிக்கிழமை கூப்பிட்டியே வாயால, அந்த மாதிரி ஒரே ஒரு தடவை கூப்பிடுப்பா. மேடம் எடுத்துக் குடுத்துடுவாங்க."

மேடம் கவுண்டருக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார். அவர் கை அந்தத் தாளின் மேல்தான் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். முன்வரிசையில் மாமியார் திரும்பி, "உஷ், மாப்பிள்ளை, சத்தம் போடாதீங்க. இப்ப இருநூறு தாண்டுது," என்றார்.

"வாயால அழைக்கிறது இப்ப நடைமுறையில இல்லம்மா," என்று மெதுவாகச் சொன்னேன். "உட்காருங்க. வீடியோவுல வரும்."

அவர் உட்கார்ந்தார். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. திரையில் நான் கைநீட்டி, அழகாகச் சிரித்து, "இருநூற்றுப் பன்னிரண்டு, வாருங்கள்," என்றேன். தையல்காரம்மா சட்டென்று எழுந்து கவுண்டருக்கு ஓடினார். "அது வீடியோம்மா," என்று மேடம் தலையைக் குனிந்துகொண்டு சொல்வது கேட்டது.

"எவ்வளவு மரியாதையாக் கூப்பிடுறீங்க," என்றாள் என் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.